ஃபயர் வாட்ச் ஜடையன் அண்ணன்

ஜடையன் அண்ணன் போய்விட்டார். காட்டுத் தீயில்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமா சிமென்ட் பிளான்ட்டில் அவரோடு ஒரே ரூமில் இருந்த சலீம் பாய் காலையில் போன் செய்தார். கேட்டுவிட்டு நான் டூட்டிக்கு வந்துவிட்டேன்... வேலை ஓடவில்லை.

நான் பிளான்ட் கிளினிக்கில் நர்ஸ். எதிர் ஷெட்டில்தான் ஜடையன் அண்ணனுக்கு வேலை. வெல்டிங் நடக்கும்போது தீயணைப்பு சிலிண்டரோடு நின்று, பொறி விழுந்தால் அணைக்க வேண்டும். ஃபயர் வாட்ச் என்று பெயர்.

"ஊர்ல நெருப்பு வெச்சதுக்குக் கேசு, இங்க நெருப்புக்குக் காவலுங்க சிஸ்டர்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

கர்நாடக எல்லைப் பக்கத்து மலைக்காரர், சோளகர் பழங்குடி. பொங்கல் முடிந்து பனி இருக்கும்போதே காய்ந்த புல்லுக்குச் சின்னதாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். தரையோடு ஓடி அணைந்துவிடும். வைக்காமல் விட்டால் கோடையில் காடே பிடித்துக்கொள்ளும்.

ஒரு லீவில் இவரும் தம்பியும் வைத்தார்கள். ஃபாரஸ்ட் ஆட்கள் வந்தார்கள். தம்பி மாட்டிக்கொண்டான், இவர் பிளைட் ஏறிவிட்டார். அதன்பிறகு அந்த ஊரில் யாரும் புல்லுக்குத் தீ வைக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கேன்டீனில் சுற்றுச்சூழல் தினம். ஆபீஸ் சார் ஒருவர் புரொஜெக்டரில் படம் காட்டினார். ஆஸ்திரேலியாவின் வடக்கே பூர்வகுடி மக்கள் வெயில் முற்றும் முன்பே புல்வெளியைக் கொளுத்துகிறார்களாம். பெரிய தீ வராது, கார்பன் குறையும். அதற்கு ஒரு எரிவாயுக் கம்பெனி அவர்களுக்குப் பணமே தருகிறதாம். எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிங்க மேல கேசு இல்லீங்களான்னு கேளுங்க சிஸ்டர்."

கேட்டேன். சார் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். கேன்டீனே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கொஞ்ச நாளில் விசாவைக் கேன்சல் செய்தார். "தம்பி ஒருத்தனாக் கோர்ட்டுக்கு அலையறான். கலாஸ் சிஸ்டர், இங்க போதும், நான் போறேனுங்க."

போன வாரம் மலை பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காகச் சேர்ந்த புல்லும் புதரும்... அணைக்க ஆள் வேண்டும் என்று அதே ஃபாரஸ்ட் ஜீப் ஊருக்குள் வந்து அவரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

தீயை அடித்து அணைக்கக் கையில் கொடுத்தது பச்சைத் தழை. இங்கே ஒரு வெல்டிங் பொறிக்கு ஹெல்மெட், ஷூ, சிலிண்டர், கூப்பிடு தூரத்தில் நான். அங்கே அவ்வளவு பெரிய மலைக்கு ஒரு கொத்துத் தழை.

காற்று திசை மாறியிருக்கிறது. அவரால் வெளியே வர முடியவில்லை.

தீ எப்படி வந்தது என்று இப்போது விசாரணை நடக்கிறதாம். முதல் ஆளாகத் தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடக்கத்துக்குக்கூட அனுப்பவில்லையாம்.

போய் வாங்க ஜடையண்ணே.