கோட்டுக்கு அந்தப் பக்கம் காந்திமதி

திருகைத் தொடுவதற்கு முன்னால் காந்திமதி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்கிறாள். பிளாஸ்டிக் திருப்புளியால் கால் சுற்று. தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத அந்த ரேடியோ கண்டன்சருக்குள் இரண்டு பித்தளைத் தகடுகள் நெருங்குகின்றன. இடைவெளி குறையக் குறைய அது மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் அளவு ஏறும். கையை எடுத்து, நன்றாகப் பின்னால் சாய்ந்துதான் மீட்டரைப் படிக்கிறாள். ஊசி இருபதில் நின்றால் திருகின்மேல் ஒரு சொட்டு அரக்கு. ஒரு நாளைக்கு இப்படி நானூறு.

தண்டலத்தில் மெட்ராஸ் சாலையை ஒட்டிய சிறிய பட்டறை. சோதனை அறையில் அவள் ஒருத்திதான். முப்பத்தெட்டு வயது, கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளை இல்லை. "வூட்டுக்குப் போனா ரேடியோ பேசும், நான் கேட்டுக்கினு இருப்பேன். அவ்ளோதான்."

போன ஐப்பசி மழையில் பேக்கிங் அறை ஒழுகியது. அங்கே வேலை செய்யும் ராஜம்மாவை மூன்று வாரம் இவள் மேசையில் உட்கார வைத்தார்கள். தோளோடு தோள் இடிக்க இருவரும் பேசித் தீர்த்தார்கள். "பொழுது போனதே தெரில" என்கிறாள் காந்திமதி.

அந்த மூன்று வாரச் சரக்கு திரும்பி வந்தது. இருபது என்று போனது, வாங்கியவர்களிடம் பத்தொன்பதுதான் காட்டியதாம். எஞ்சினியர் கிறிஸ்துதாஸ் தகட்டு இடைவெளியை அளந்து ஃபார்முலாவில் போட்டார். அதிலும் பத்தொன்பது.

"ஃபார்முலா தப்பாவாதும்மா. நீதான் கவனிக்காம வெச்சிருக்கே" என்றவர், வேலைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை, திரும்பி வந்ததில் ஒன்றை அவர் முன்னாலேயே மீட்டரில் மாட்டினாள் காந்திமதி. பத்தொன்பது. ராஜம்மாவைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் உட்காரச் சொன்னாள். ராஜம்மா மேசைமேல் கையூன்றியதும் ஊசி மெல்ல ஏறி இருபதில் நின்றது. எழுந்து போனாள், இறங்கியது.

"ஆளு கிட்ட இருந்தா அதுவும் ஒரு தகடு மாதிரிதான் சார். உங்க கணக்குல ரெண்டு தகடு மட்டும்தான் கீது. நாங்க ரெண்டு பேரும் அதுல இல்ல."

கிறிஸ்துதாஸ் தட்டச்சரிடமிருந்து கடிதத்தை வாங்கிக் கிழித்தார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார்: சோதனை மேசைக்கு நான்கடிக்குள் வேறு யாரும் வரக்கூடாது. தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்தார்கள். ராஜம்மா பேக்கிங் அறைக்கே திரும்பிவிட்டாள்.

"வேல போவாம தப்பிச்சிச்சி. ஆனா அவள நானே தொரத்துன மாதிரி ஆயிட்ச்சி" என்றாள் காந்திமதி.

பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்தபடி இவ்வளவையும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். கிளம்புகிறேன் என்று நோட்டை மூடினேன்.

"டீ மணி அடிக்க இன்னும் பத்து நிமிசம் கீதே" என்றாள். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி மீட்டரை அணைத்தாள். தன் ஸ்டூலை முந்தானையால் துடைத்து, மேசைக்கு மிக அருகில் எனக்காக இழுத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டாள்.