நக்கிக் காட்டிய சந்திரகாந்தக் கல்

ஜோகுபாளையத்தில் கல் விற்ற அந்த ஆளின் முகம் மறந்துவிட்டது. நாக்கு மறக்கவில்லை. குட்கா ஏறிச் சிவந்து, ஓரமெல்லாம் வெடித்த நாக்கு. மோதிரத்துக்குச் சந்திரகாந்தக் கல் கேட்டேன். பாலிஷ் போடாத ஒன்றை எடுத்து, கொஞ்சமும் கூசாமல் நக்கி, என் உள்ளங்கையில் வைத்தார்.

"தண்ணியில நனைச்சுக் காட்டக் கூடாதா?" என்றேன்.

"பாலிஷ் போடாத கல்லு ஈரமா இருந்தாத்தான் உள்ள இருக்கிற நீலம் தெரியும். தண்ணி உடனே காஞ்சிடும் மேடம். கையைச் சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்தேன். எச்சிலுக்கு அடியில் ஒரு நீல ஒளி கல்லின் குறுக்கே மெல்ல நகர்ந்தது.

தட்டில் சுத்தமாக மின்னிய இன்னொன்றைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றேன்.

"அது டூப்ளிகேட், வெறும் கண்ணாடி. எப்படித் திருப்பினாலும் நீலம் அசையாது. நக்காமலே மின்னும். அருவருப்பு படுறவங்க எல்லாம் அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க," என்றார், பல்லிடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டே.

அவர் நக்கியதையே வாங்கினேன். பாலிஷ் போட்டு மோதிரத்தில் பதித்து, வெந்நீரில் எத்தனையோ முறை கழுவியாயிற்று. கையை அசைத்தால் நீலம் அழகாகத்தான் நகர்கிறது. ஆனால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இன்றும் சோற்றில் கை வைக்கிறேன்.