பட்டனைப் பிடுங்கிய புண்ணியவதி

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் புனேயில், சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் தினமும் லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போய், ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீசில் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், அவருக்கு என்ன செய்கிறது, என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை நாங்கள் ஹெட்போனில் கேட்டு, வரி பிசகாமல் டைப் அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். என் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி எனக்கு அடங்கியதில்லை.

என் வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து, இங்கிலீஷ் ஹையர் முதல் வகுப்பில் தேறியவள் நான். ஆபீசில் மற்றவர்கள் கீபோர்டைக் குனிந்து குனிந்து பார்த்து அடிப்பார்கள். நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன். மாதா மாதம் நோட்டீஸ் போர்டில் முதல் பெயர் என்னுடையதுதான். 'மதராஸி எக்ஸ்பிரஸ்' என்று கேலி செய்வார்கள். வெளியே முறைத்தாலும், உள்ளுக்குள் எனக்குத் தலை கால் புரியாது.

அந்த ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மராத்திக்காரப் பெண் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். ஆபீசே அவரைத் தாயி என்றுதான் கூப்பிடும். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் காலையில் போனால், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் போட்டு வைத்திருந்தார். அரை மணிக்கு ஒருமுறை 'டிங்' என்று மணி அடிக்கும். உடனே திரை முழுவதும் மூடிக்கொண்டு, குச்சி குச்சியாக ஒரு பொம்மை வந்து நிற்கும். கையைத் தூக்கும், கழுத்தைத் திருப்பும், விரலை விரித்து மடக்கும். நாமும் கீபோர்டை விட்டுவிட்டு இரண்டு நிமிஷம் அதைப் போலவே செய்ய வேண்டுமாம். பொம்மைக்குக் கீழே 'ஸ்கிப்' என்று ஒரு பட்டன். வேண்டாதவர்கள் அதை அழுத்தி வேலையைத் தொடரலாம்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கையைக் காலை ஆட்டினார்கள். டீ குடிக்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் வாயில் நுழையாத மருந்துப் பெயரைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதா பொம்மை வந்து நடுவில் நிற்பது? மணி அடித்த வேகத்தில் ஸ்கிப்பை அழுத்திவிடுவேன். போகப் போக, மணி அடிப்பதற்குள் என் விரல் மவுசில் தயாராக இருக்கும். ஒருநாள்கூட அந்தப் பொம்மையை முழுசாகக் கை தூக்க நான் விட்டதில்லை.

இதற்கிடையில் என் வலது கையில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் அடிக்கடி மரத்துப் போகும். இரண்டு உதறு உதறினால் சரியாகும். டம்ளர் கை நழுவும். கிரைண்டரிலிருந்து மாவை வழித்தெடுக்கும்போது பிடி நிற்காது.

"என்னட்டி, இன்னைக்கும் டம்ளரப் போட்டாச்சா? எவர்சில்வரா வாங்கினது நல்லதாப் போச்சு" என்பார் வீட்டுக்காரர்.

"எண்ணெய்ப் பிசுக்கு வழுக்குதுல்லா! ஒருநாள் நீங்க தேய்ச்சுப் பாருங்க, தெரியும்" என்று திருப்பிக் கொடுப்பேன். புனே மழைக் குளிருக்கு விரல் மரக்கிறது என்று எனக்கு நானே டாக்டராகி முடிவும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை. மணி அடித்தது. வழக்கம்போல ஸ்கிப்பை அழுத்தப் போனால், பட்டனைக் காணோம்! பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கே பட்டன் பத்திரமாக இருந்தது. அதற்கடுத்த சீட்டிலும் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. பொம்மை என்னைப் பார்த்து நிதானமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நேரே தாயியிடம் போய், என் ஓட்டை ஹிந்தியில் கத்தினேன்.

அவர் நாற்காலியைவிட்டு எழுந்து, "ஜரா தாம்பா" என்றார். மராத்தியில், கொஞ்சம் நில்லுங்கள் என்று அர்த்தம். பிறகு எனக்குப் புரியட்டும் என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: "நீங்க கைய உதறிக்கிட்டே இருக்கீங்க. நான் ரொம்ப நாளாப் பார்த்துட்டு இருக்கேன்."

ஓஹோ, இவருக்கு வேலையே என் கையைப் பார்ப்பதுதானா? என் வேகத்தின் மேல் கண் வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். விடுவிடுவென்று மானேஜர் அறைக்குப் போய், இவர் வேண்டுமென்றே எனக்கு மட்டும் இப்படிச் செய்து வேலையைக் கெடுக்கிறார் என்று புகார் சொன்னேன். மானேஜர் வெளியே வந்து, யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்று அத்தனை பேர் முன்னாலும் தாயியைச் சத்தம் போட்டார். தாயி என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரிலிருந்து அந்த சாஃப்ட்வேரையே எடுத்துவிட்டு எழுந்து போனார். மவுசை அவர் இடது கையால் நகர்த்தியதை அப்போதுதான் கவனித்தேன். இடது கைப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பும் மிளகாயும் எடுத்து, சுற்றிப் போட வேறு ஆள் இல்லாததால், எனக்கு நானே திருஷ்டி கழித்துக்கொண்டேன். பாதிச் சுற்றில் மிளகாய் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. அடேங்கப்பா, எவ்வளவு பொல்லாத கண் என்று அதற்கும் தாயியைத்தான் திட்டினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் என் ராஜ்ஜியம்தான். மணியும் இல்லை, பொம்மையும் இல்லை. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். தாயி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாலாவது வாரம் சனிக்கிழமை, மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் தாபோடியில் என் தோழியின் குழந்தைக்குப் பிறந்தநாள். வீட்டுக்காரருக்கு டூட்டி. நான் மட்டும் என் மகளை அழைத்துக்கொண்டு சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளுக்கு அப்போது நாலு வயது. புதுக் கவுன் போட்ட சந்தோஷத்தில் குதித்துக் குதித்து வந்தாள். என் இடது தோளில் பை, இடது கையில் குடை. வலது கையில் அவள் கை. ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியில் ஒரே தள்ளுமுள்ளு. நான் ஏறி நின்று அவளை மேலே இழுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் கையைப் பிடித்தபடியேதான் ஏறினேன். சத்தியமாகப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பின்னால் வந்தவர்கள் என்னை உள்ளே நெட்டினார்கள். ரயில் நகர்ந்தது. குழந்தையை முன்னால் இழுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தேன். என் விரல்கள் பிடித்தபடியே மடங்கியிருந்தன. உள்ளே அவள் கை இல்லை.

"தாம்ப், அம்மா! தாம்ப்!"

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி, அவளுக்குப் பயத்தில் வாயில் வந்தது மராத்திதான். நில்லு, நில்லு என்று அலறிக்கொண்டே ரயிலை ஒட்டி ஓடி வருகிறாள். பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எனக்குத் தெரியும். நான் குதிக்கப் போனேன். இரண்டு பெண்கள் என் சேலையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். யாரோ செயினை இழுத்தார்கள். ரயில் நின்றதும் இறங்கி ஓடினேன். பிளாட்பாரத்தில் கீரை விற்கும் ஒரு பெண், கூடையைப் போட்டது போட்டபடி, என் மகளை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீரைக்கட்டெல்லாம் மழைத் தண்ணீரில் கிடந்தன. குழந்தையின் கையை இறுக்கிப் பிடிக்கத் தெரியாதா என்று மராத்தியில் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிடித்துத்தானே இருந்தேன்! குழந்தையை வாங்கிக்கொண்டு, அவள் காலடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். எப்போதும் கேலி பேசுகிறவர், அன்று என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடு. நான் எந்த வெரலத் தொடுதேன்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டேன். சுண்டு விரலைச் சரியாகச் சொன்னேன். அப்புறம் காத்திருந்தேன். "தொடுங்க" என்றேன்.

"தொட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். கண்ணைத் திறந்தால், என் நடு விரல் அவர் கைக்குள் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரிந்தது, எந்த டாக்டரிடம் என்று தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிப் பெடலை மிதித்தேன். இரண்டாவது பதிவிலேயே ஒரு அமெரிக்க டாக்டர், தன் நோயாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகின்றன, பொருள்களைக் கை நழுவ விடுகிறார், கையை உதறினால் சற்றுச் சுகம் என்கிறார், நாளெல்லாம் டைப் அடிக்கும் வேலை. என் விரல்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயின. அடுத்து மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அதையும் அடித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. பெடலிலிருந்து காலை எடுத்தேன். அந்தப் பெயரை எத்தனை தடவை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்திருப்பேன்! ஒருதடவைகூட அது எனக்கும் வரும் என்று தோன்றியதில்லையே.

எழுந்து தாயியிடம் போனேன். மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்த ஹிந்தியெல்லாம் மறந்துவிட்டது. வலது கையை மட்டும் அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன்னுடைய வலது கையை என் கைக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தார். மணிக்கட்டில் ஆபரேஷன் தழும்பு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றிப்போய்ப் பள்ளமாக இருந்தது.

"பத்து வருஷம் டேட்டா என்ட்ரி பண்ணினேன். நானும் உங்களை மாதிரி ரொம்ப வேகம்" என்றார். "லேட்டா ஆபரேஷன் பண்ணினதுல சரியாகலை. நிறுத்துன்னு சொல்ல அப்போ யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அதான் உங்க பட்டனை எடுத்தேன்."

வெட்கத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், அவரே என்னை ஆட்டோவில் ஏற்றித் தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் அழைத்துப் போனார். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் உணர்ச்சி திரும்பியிருக்காது, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். மணிக்கட்டுக்குப் பட்டை, ஓர் ஊசி, ஒன்றரை மாதம் லீவு. ஆபரேஷன் இல்லாமலே உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. லீவு முடிந்து போன அன்று, அதே மானேஜரை வெளியே அழைத்து, அதே அத்தனை பேர் முன்னாலும், நான் சொன்ன புகார் தப்பு, இவர் என் கையைக் காப்பாற்றினார் என்று சொன்னேன். என் ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் தலைகீழாகிப் போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. தாயி என் கம்ப்யூட்டரில் திரும்பவும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டார். பட்டன் வேண்டுமா என்று சாடையாகக் கேட்டார். வேண்டவே வேண்டாம் தாயி என்றேன்.

மணி அடிக்கும்போது பொம்மையோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கையில் ஒருநாள் எனக்கு டைப்ரைட்டர் ஞாபகம் வந்தது. அதிலும் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். கையை எடுத்து, தாளைச் சுமக்கும் கேரியேஜைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, வேறு தாள் செருக வேண்டும். அந்த மெஷின் தானாகவே நம்மை நிறுத்தி நிறுத்தி வேலை வாங்கியது. கம்ப்யூட்டர் வரியைத் தானே மடக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பழைய மணியைத்தான் தாயி எனக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், நான் அதைப் போய்த் திட்டியிருக்கிறேன். போர்டில் என் பெயர் முதலிடத்திலிருந்து நாலாவதுக்குப் போனது. போகட்டுமே!

நாங்கள் புனேயை விட்டுத் திருநெல்வேலிக்கே வந்து வெகு காலமாகிறது. தாயியோடு இன்றும் போனில் பேசுகிறேன். என் ஹிந்தி இன்னும் தேறவில்லை. இப்போது என் மகளும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். சொன்னதைக் கேட்கிற ரகமில்லை, என்னைப் போல. அவளுக்கு வேலை கிடைத்ததும் அவள் லேப்டாப்பில் அதுபோன்ற ஒரு சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி அடம்பிடித்தேன். போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். ஜங்ஷன் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது, "அம்மா, நில்லு" என்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். நின்றேன். அவள் உள்ளங்கைச் சூடும், அவள் போட்டிருந்த மெல்லிய மோதிரமும்கூட என் விரல்களுக்குத் தெரிந்தன. நான் யார்மேல் பழி சொன்னேனோ, அவர் எனக்கு மீட்டுக் கொடுத்த கை இது என்பதை, என் மகள் அதைப் பிடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.