வெர்னாவும் இடதுபக்கத்துச் சனியனும்

அமெரிக்காவில் டுலுத் நகரத்துக் கல்லூரி வானொலியில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வெர்னா கோஸ்கெலாவுக்கு உரியது. மற்ற நேரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனியில் சறுக்கும் சாலையையும் பிள்ளைகளின் கூச்சலையும் பொறுத்துக்கொள்வாள். ஸ்டுடியோவில் இடதுபக்கம் இருக்கும் ரெக்கார்டு பிளேயரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் அடுத்ததன் தாளத்தை அதோடு கலந்துவிட வேண்டும். எங்கே சேர்ந்தது என்று கேட்கிறவனுக்குத் தெரியவே கூடாது. அவள் உயிரை விடுவதே இதற்குத்தான். ஆனால் இடதுபக்கத்து மகராசன் எப்போதும் ஒரு இம்மி பின்தங்குவான். விரலால் விளிம்பைத் தள்ளித் தள்ளி அவளுக்கு நகமே தேய்ந்துவிட்டது.

போன வாரம் அது நடுவில் நின்றே போய், வானொலி கப்சிப் ஆனது. நிலையத்தை நடத்தும் மாணவன் ஆஷர் வந்து நின்றான்.

"வெர்னா, இன்னொரு தடவை ரேடியோ ஊமையாச்சுன்னா ரெண்டு பிளேயரையும் தூக்கிடுவேன். கம்ப்யூட்டரே பாட்டு போட்டுக்கும்."

"ரிப்பேர் பண்ணு, ரிப்பேர் பண்ணுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே, அது உன் காதுல ஏறல. தூக்கறதுக்கு மட்டும் வந்துட்டியாக்கும்!"

இந்த வாரம் பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்து அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னாள். மைக் திறந்திருந்தால் ஸ்டுடியோ ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். அதில் தாளம் சரிபார்க்க அவள் ஓடவிட்டிருந்த இரண்டு தட்டுகளும் அந்த நேரம் பார்த்துக் கைகோத்துக்கொண்டன. அவ்வளவுதான், அவளுக்கு மைக்கும் மறந்தது, உலகமும் மறந்தது.

"நகரு சனியனே... ஆங், அப்படித்தான் என் கண்ணு... ஐயோ, சேந்துடுச்சு! சேந்துடுச்சு!"

தங்கு தங்கென்று குதித்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆஷர் இரண்டு கையையும் ஆட்டினான். அவனுக்கும் சந்தோஷம்போல என்று இவளும் ஆட்டினாள்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மைக்! மைக்கை மூடுங்க!"

குனிந்து பார்த்தாள். இரண்டு பிளேயருக்கும் வெளியே போகும் ஒலியை ஏற்றவே இல்லை; பாட்டு அவள் ஹெட்போனோடு நின்றுவிட்டது. ஊருக்குக் கேட்டதெல்லாம் இவள் திட்டும் குதிப்பும்தான். மைக்கை மூடிவிட்டு ஒரு பாட்டை ஓடவிட்டாள்.

"போச்சு. தூக்கிட்டுப் போ," என்றாள்.

"எப்படித் தூக்கறது?" ஆஷர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ரேடியோ ஊமையா இருந்தாத்தானே! நீங்கதான் வாயே மூடலையே!"

தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு லாரிக்காரர். "சேந்துடுச்சுன்னு அப்படிக் குதிச்சீங்களே, அதைக் கொஞ்சம் எங்களுக்கும் போடுங்கம்மா."

வெர்னா மறுபடி ஊசிகளை வைத்தாள். இந்தத் தடவை ஒலியை ஏற்றினாள். இடதுபக்கத்தான் புத்தியைக் காட்டிவிட்டான். இரண்டு தாளமும் மாடிப்படியில் தகரடப்பா உருளுவதுபோல மோதிக்கொண்டன.

மறுபடியும் அதே லாரிக்காரர். "இது வேணாம்மா. மொதல்ல சேந்துச்சே, அதைப் போடுங்க."

"அது எனக்கு மட்டும்தாங்க கேட்டுச்சு," என்றாள் வெர்னா. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.