புள்ளி சார்

உட்காருவதற்கு முன்பே, நின்ற நிலையிலேயே எண்ணத் தொடங்கிவிடுவார். மருத்துவமனையின் ஆறு மாடிகளும் திரையில் வரைபடமாக விரிந்திருக்கும். கூரையில் பொருத்திய வைஃபை பெட்டி ஒவ்வொன்றும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கை திரையின் மூலையிலேயே போட்டிருக்கிறது; அவருக்கு அது போதாது. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, "நாலாவது மாடி ஒம்பது இன்னிக்குக் கொஞ்சம் சோம்பலா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் நாற்காலி.

அந்தப் பெட்டிகளுக்குச் சுயபுத்தி கிடையாது. எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு உரக்கப் பேசுவது, கூட்டம் சேர்ந்தால் யாரைப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளிவிடுவது, எல்லாவற்றையும் கீழ்த்தளத்து அறையில் இருக்கும் கண்ட்ரோலர் சொல்ல வேண்டும். கண்ட்ரோலருக்கு அவர் சொல்ல வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டடம் முழுவதும் அவருக்குத் தெரியும். மகப்பேறு வார்டுப் புள்ளியில் திடீரென்று பதினெட்டு கைபேசிகள் மொய்த்தால், "கொழந்த பொறந்துடுச்சு" என்பார். விசாரித்தால் சரியாக இருக்கும்.

இவ்வளவும் செய்கிறவரை மாடியில் அநேகமாக யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டொருவர் 'புள்ளி சார்' என்பார்கள். முன்னால் ஒரு 'பெரும்' சேர்த்தால் வாய் வலிக்குமா என்று அவருக்கு மனத்தாங்கல்.

எல்லாருக்கும் தெரிந்தவன் ஏணிக்காரன். பெட்டிகளை மாட்டுவதும் கழற்றுவதும் கேபிள் இழுப்பதும் அவன் வேலை. தோளில் ஏணியோடு அவன் வார்டுக்குள் நுழைந்தால், "தம்பி, டீ குடிச்சிட்டுப் போ" என்று நாலு பக்கமும் குரல் வரும். புள்ளி சாரின் வீட்டிலும் அவன் புராணம்தான். ஒரு விடுமுறை நாளில் சாவிக்கொத்து கொடுக்க வந்தவன், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த வைஃபை பெட்டியை எடுத்து ஜன்னலருகே வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து மனைவி ஆரம்பித்துவிட்டார். "அந்தத் தம்பி கை வச்சதும் பெட்ரூம் வரைக்கும் கிடைக்குது. நீங்களும் இருக்கீங்களே." அன்றைக்கு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சென்ற மாதம் குழந்தைகள் வார்டில் செவிலியர்களின் டேப்லெட்டுகளுக்கு இணைப்பு விட்டு விட்டு வந்தது. இரண்டு பெட்டிகள் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்வதை மூன்று மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றை மாற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஏணிக்காரன் அங்கே ஏறி நின்று பெட்டியில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். தலைமைச் செவிலியர் ஃபோன் செய்தார்.

"சார், நீங்க இனிமே பாக்க வேணாம். ஏணித் தம்பி கை வச்சதும் சரியாயிடுச்சு."

"அது வந்து, நான்தான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, புதிதாகத் திறந்த டயாலிசிஸ் வார்டில் ஏணிக்காரன் புதுப் பெட்டி ஒன்றை மாட்டினான். திரையில் முந்நூற்றுப் பதின்மூன்றாவது புள்ளி முளைத்தது. புள்ளி சார் அதன் சக்தியை அடிமட்டத்துக்கு இறக்கினார். ஒரே ஒரு சொடுக்கு. புள்ளி பச்சையாகவே இருந்தது. அதன் குரல் மட்டும் ஒரு கட்டிலைத் தாண்டாது. 'இப்ப கை வைக்கட்டும் பாப்போம்' என்று கைகட்டி உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் இனித்தது. பிறகு அந்த வார்டின் செவிலியர் அழைத்தார். "சார், பேஷன்ட் ரீடிங் எதுவும் ஏற மாட்டேங்குது. பேப்பர்ல எழுதிட்டு ஓடிக்கிட்டிருக்கோம்." பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் இருந்தார். மறுபடி ஃபோன் அடித்தது. இந்தத் தடவை ஏணிக்காரன்.

"சார், தப்பு என்கிட்டதான் போல. கேபிளக்கூட மாத்திட்டேன். நாலு தடவ ஏறி எறங்கியாச்சு. நீங்க ஒருவாட்டி பாருங்க சார். உங்க கண்ணுக்குத் தப்பாது."

"நாலு தடவையா?"

"ஆமா சார். முட்டி கொஞ்சம் புடிச்சுக்கிச்சு, பரவால்ல."

அவர் சக்தியை ஏற்றினார்.

"வந்துடுச்சு சார்" என்றான். ஃபோனை விலக்கி அவன் யாரிடமோ சொல்வதும் கேட்டது. "நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர். கீழ சார்தான் சரி பண்ணாரு. எப்பவுமே அவருதான்."

செவிலியரின் குரல் அருகில் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்கதான்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

ஆறு வருடமாக அவர் காத்திருந்த வார்த்தை. காதோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. இதிலும் அவனே ஜெயித்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. கண்ட்ரோலர் எதையும் மறப்பதில்லை. 9.40, சக்தி குறைக்கப்பட்டது, பக்கத்தில் அவர் பெயர். 10.25, சக்தி கூட்டப்பட்டது, பக்கத்தில் அவர் பெயர். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். அவற்றை அழிக்க அவருக்கே அனுமதி கிடையாது. யாரும் அவற்றைத் திறந்து படிக்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மட்டும் மூன்று தடவை படித்தார்.

சற்று நேரத்தில் ஏணிக்காரன் லேசாக நொண்டிக்கொண்டு கீழே வந்தான். கூரைத் தூசி முழங்கை வரை அப்பியிருந்தது. கை கொடுக்க வந்தவன், "கை ஒரே கருப்பா இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே பின்வாங்கினான்.

புள்ளி சார் எழுந்தார். தம் உள்ளங்கையைப் பார்த்தார். பொட்டு அழுக்கு இல்லை. அதைக் கால்சட்டையில் இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டு, பிறகுதான் அவனிடம் நீட்டினார்.