மஞ்சள் கோப்பை

பறித்தது

மேசைக்கு மேலால் எட்டி நான் பறித்தபோது கோப்பையில் பாதித் தேத்தண்ணீர் மிச்சமிருந்தது. பயிர் மருந்துக் கடையில் நிற்பவனுக்குக் கைதான் முதலில் நீளும். வாய் பிறகுதான் திறக்கும். மற்றக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் சாமானை விற்கப் பட்ட பாட்டைச் சொல்வார்கள். நான் கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நீங்களும் கடையில் நின்றவரென்றால், இரண்டில் எது பெரிய பாடு என்று சொல்லத் தேவையில்லை.

அறுபதுகளில் மட்டக்களப்பு வாவிக்கரையில் சாமுவேல் முதலாளியின் கடையில் இருந்தேன். வயலில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்தால் அடிக்கிற மருந்துதான் எங்கள் முக்கிய வியாபாரம். அந்த மருந்துத் தகரம் ஒவ்வொன்றோடும் கொம்பனி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பையைச் சும்மா கொடுத்தது. மருந்தை அதில் அளந்து தண்ணீரில் கலக்க வேண்டும். கைப்பிடி உண்டு, உள்ளே அளவுக் கோடுகள் உண்டு, பார்க்க அழகு. மருந்து வயலோடு முடிந்துவிடும். கோப்பை வீட்டுக்குப் போகும்.

அன்று கடையின் வாங்குப் பலகையில் இருந்தவர் கரடியனாற்று வேலாப்போடியார். வயல் நிலம் நிறைய உள்ளவர். பையிலிருந்து கோப்பையை எடுத்து, பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் வாங்கி வந்து, ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். அது நஞ்சு அளக்கிற கோப்பை என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் எழும்பிவிட்டார்.

"மனே, சும்மா தந்ததத் திருப்பிப் பறிக்கிற கடைய இப்பதான் காணுறன்."

அட்டைத் துண்டு

குற்றம் சொல்லில் இருக்கிறது என்று நினைத்தேன். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. மருந்து அளக்கிற கோப்பையைக் கண்டு யார் பயப்படுவார்? அட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, "நஞ்சு" என்று கறுப்பு மையில் எழுதி, ஒவ்வொரு கோப்பையின் கைப்பிடியிலும் நூலால் கட்டினேன். முதலாளி பார்த்தார். பிறகு கணக்குக் கொப்பிக்குத் திரும்பினார்.

சில நாட்களில் கடைக்கு முன்னால் ஓடிய கழிவுநீர்க் கானில் என் அட்டைகள் மிதந்தன. வாங்குகிறவர்கள் படியிறங்கும்போதே பிய்த்து எறிந்துவிட்டுக் கோப்பையை மட்டும் கொண்டு போயிருக்கிறார்கள். போடியார் அடுத்த முறை வந்தபோது காரணம் கேட்டேன். எங்கள் பக்கத்துச் சூடடிக்கும் களத்தில் நின்றவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். நெல் அள்ளும் கடகப் பெட்டியைக் கடகம் என்பதில்லை, பெருவாயன் என்பார்கள். விளைச்சலுக்குப் பக்கத்தில் ஆகாத சொல் வாயிலிருந்து விழக்கூடாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நான் நஞ்சு என்ற சொல்லை நூலில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

"வெள்ளாமைக்குள்ள அந்தச் சொல்லக் கொண்டு போக ஒண்ணா மனே. வேற பேரு ஒண்டு வெச்சுத் தா, கொண்டு போறன்."

பேர் வைத்த பிறகு

வைத்தேன். பெருவாயனுக்குத் தம்பி மாதிரி இருக்கட்டும் என்று "வாய்க்காகாதான்" என்று எழுதிக் கட்டினேன். வாயில் வைக்க ஆகாதது என்று பொருள். போடியார் வாசித்துவிட்டுச் சிரித்தார். இந்த அட்டைகளை யாரும் பிய்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு காலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து தோணியில் பூரணம் என்ற பெண் வந்தாள். புருசன் வயலில் நின்றதால் மருந்து வாங்க அவளை அனுப்பியிருந்தான். இடுப்பில் பல் முளைக்கிற பருவத்துப் பிள்ளை. பிள்ளையின் கையில் எங்கள் மஞ்சள் கோப்பை. அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய அட்டை கோப்பையில் இல்லை. பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

இது என்ன என்று கேட்டேன். நீங்கள் கட்டிவிட்டதுதானே என்றாள். எழுதிய துண்டு, கட்டிய நூல், அதில் வாய்க்காகாதான் என்ற பேர். ஊரார் வாய் பட்டுப் பிள்ளைக்கு நாவூறு வராமல் இருக்க எழுதிக் கட்டியது என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள். அக்கம்பக்கத்திலும் பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிறார்களாம். பிள்ளைக்கு அது நன்றாகச் சரிவந்தது என்றும் சொன்னாள்.

நான் அவசரமாக எல்லாவற்றையும் விளக்கினேன். வயலில் புருசன் அளக்கிற அதே கோப்பையா என்று கேட்டேன். அதேதான், கழுவித்தான் பால்மா கரைக்கிறேன், கோடு இருப்பதால் அளவு பிழைக்காது என்றாள். கழுவினாலும் போகாது என்றேன். பிள்ளையின் வாயிலிருந்து கோப்பையை இழுத்தாள். பிள்ளை கத்தியது. அவள் முகம் வெளுத்துப் போய், பிறகு கோபமானது.

"அப்ப உங்கட மருந்த வேற எதாலயாவது அளக்கச் சொல்லுங்க தம்பி. கோப்பை எண்டா புள்ள குடிக்கத்தானே கேக்கும்?"

நல்ல காரியம்

கடையில் நாங்கள் தேத்தண்ணீர் குடிக்கும் எனாமல் கோப்பையைக் கொடுத்துத்தான் பூரணத்திடமிருந்து அதை மீட்டோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த தோணியில் வந்த ஆள் சொன்னார். அதுவரை முதலாளி உட்காரவில்லை. அன்றிலிருந்து தகரத்தோடு கோப்பை கொடுப்பதை நிறுத்தினார். அளப்பதற்கு மூங்கில் குழாயை வெட்டி வைத்தோம். மூங்கில் குழாயில் யாரும் பால் கரைக்க மாட்டார்கள்.

ஒரு வாரத்தில் கொம்பனியின் விற்பனைப் பிரதிநிதி ஜெயசிங்கம் கொழும்பிலிருந்து காரில் வந்தார். கோப்பைப் பெட்டிகள் உடைக்கப்படாமல் அடுக்கியிருப்பதைக் கண்டார். முதலாளி பூரணத்தின் கதையைச் சொன்னார். கோப்பையை நிறுத்துங்கள், இல்லையென்றால் அதன்மேல் மண்டையோட்டுப் படமாவது போடுங்கள் என்றார். ஜெயசிங்கம் மரியாதையாகக் கேட்டார். தகரத்தில் மண்டையோடு இருக்கிறது, அதற்குமேல் கொம்பனிக்குப் பொறுப்பு இல்லை என்றார். மண்டையோடு போட்ட பரிசை யார் வாங்குவார் என்றும் கேட்டார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இந்தப் பகுதிக்கு ஏதாவது நன்மை செய்ய வேண்டும் என்று கொம்பனியில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மிச்சக் கோப்பைகளை, இடைவேளையில் பால் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஒரு சின்ன விழா, ஒரு படம். முதலாளி அந்தப் பள்ளிக்கூடத்தின் மெதடிஸ்த சபைக் கமிட்டியில் இருந்தவர். மறுத்தால் மருந்தின் ஏஜென்சி வேறு கடைக்குப் போகும், கோப்பைகளும் அங்கே போகும். ஒத்துக்கொண்டால் மஞ்சள் கோப்பை பால் குடிக்கிற கோப்பை என்று பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். வயல் ஓரத்தில் கிடக்கிற கோப்பையும் அவர்களுக்குப் பால் கோப்பைதான்.

"பிள்ளைகள் கையில் கோப்பை, கோப்பையில் எங்கள் பெயர். இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கு, மிஸ்டர் சாமுவேல்?"

ஆணி

முதலாளி அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை கிரேஸ் ரீச்சரிடம் போனார். ரீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். இந்த வியாபாரத்தை ஏன் இன்னும் செய்கிறீர்கள் என்று முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டார். பூச்சி விழுந்தால் போடிமார் என்னிடம்தான் வருவார்கள், நான் இல்லையென்றால் மூங்கில் குழாய் கொடுக்காத ஒருவனிடம் போவார்கள் என்றார் முதலாளி. ரீச்சர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பிள்ளைகள் பாலுக்கு வீட்டிலிருந்து சிரட்டையோ கோப்பையோ கொண்டு வருகிறார்கள், அது போதும் என்றார். கன்று வைக்கத்தான் சட்டி இல்லை. இந்தக் கோப்பைகளையே கன்றுச் சட்டியாக, பள்ளித் தோட்டத்துக்கு உதவி என்று கேட்டால் பயிர் மருந்துக் கொம்பனிக்குப் பாலை விடப் பொருத்தமாக இருக்கும். முதலாளி அங்கிருந்தே தபாற்கந்தோருக்குப் போய்க் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். ஜெயசிங்கத்துக்கு யோசனை பிடித்துவிட்டது.

அன்று பின்னேரம் கடையைப் பாதி சாத்திவிட்டு, அடுப்பில் ஆணியைக் காய வைத்து, கோப்பைகளின் அடியைக் குத்தினோம். பிளாஸ்டிக் எரிகிற மணத்துக்கு வாவிக்கரையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ரீச்சர் வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் வந்து ஒரு பெட்டியைக் கிளறிப் பார்த்தார்.

"ஓட்டையில்லாத சட்டியில கன்று அழுகிப் போகும், முதலாளி. ஒண்டையும் விட்டுராதீங்க."

படம்

விழா நன்றாக நடந்தது. பிள்ளைகள் கோப்பைகளில் மண் நிரப்பி மிளகாய்க் கன்று வைத்து வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் ஊற்றியபோது எல்லாக் கோப்பையும் ஒழுகியது. ஜெயசிங்கம் கைதட்டினார். அதற்குப் பிறகு பையைத் திறந்து, கொழும்பிலிருந்து கொண்டு வந்த புதுக் கோப்பை ஒன்றை எடுத்தார். ஓட்டை இல்லாதது. பால் ஊற்றச் சொல்லி, முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தார். ரீச்சர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கமராவோடு நின்ற படக்காரனைப் பார்த்தார். ஜெயசிங்கம் பெண்ணிடம் குனிந்தார்.

"சிரிச்சுக்கொண்டு குடிங்க தங்கச்சி, கொழும்பே பார்க்கப் போகுது."

அவள் குடித்தாள். படம் எடுத்தாயிற்று. கோப்பையை மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள். நன்றியுரை தொடங்கியது. நன்மை செய்ய வருகிற கொம்பனியைச் சமாளிக்கக் கடைக்காரனுக்கு நல்ல கனமான நாற்காலி ஒன்றும் வேண்டும் என்பதுதான் அந்த உத்தியோகத்தில் நான் கற்றது. முதலாளி கைதட்டிக்கொண்டே குனிந்து கோப்பையை எடுத்தார், சீமெந்துத் தரையில் கவிழ்த்து வைத்தார், நாற்காலியின் முன்காலை அதன்மேல் ஏற்றி, மெதுவாக உட்கார்ந்தார்.