அசையாமல் நின்ற நாலு நிமிஷம்

அக்காவின் விரல்களைப் படம் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வயதில் வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. காலேஜில் என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் கணக்கு என்று சொல்வேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கணக்கு நோட்டில்தான் என் சினிமாவை வரைந்துகொண்டிருந்தேன்.

அக்கா பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அப்பாவை எனக்குத் தெரியாது. அம்மா இறந்துபோனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஐந்து. லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறையை விட்டுக்கொடுக்காமல், அம்மாவின் கூடையை அடுத்த நாளே முதுகில் மாட்டிக்கொண்டு போனாள் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கல்யாணம் பேசி வந்தவர்களை எல்லாம் எனக்காகத் திருப்பி அனுப்பினாள் என்றும் சொல்வார்கள். வந்தவர்களில் ஒருவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவள் கொழுந்து எடுப்பதைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு கையும் தனித்தனியே வேலை செய்யும். பக்கத்து நிரைக்காரியோடு வாய் ஓயாமல் வம்பு பேசிக்கொண்டிருப்பாள். கண் வேறெங்கோ இருக்கும். விரல்கள் மட்டும் செடியின் மேல் ஓடும். பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் கூடையில் வீசுவாள். ஒரு இலை கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த விரல்கள்தான் அவளுக்கு வெட்கம். தேயிலைப் பால் ஏறி ஏறி நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே ஆராதனை முடியும்வரை இருப்பாள். திருவிருந்தில் அப்பம் வாங்க உள்ளங்கையை நீட்ட வேண்டிய அந்த நேரத்தில் முகம் சுருங்கிவிடும்.

பாதிரியார் தயவில் மிஷன் பள்ளியில் படித்தேன். அவருடைய சிபாரிசில்தான் பாலக்காட்டில் காலேஜும் ஹாஸ்டலும் கிடைத்தன. மலையில் குளிரில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. கணவாய்க் காற்று தையில் ஆரம்பித்தால் ஜன்னல் கதவுகளை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். கல்பாத்தி ஆற்றங்கரையில் உட்கார்ந்து அக்கரை அக்ரஹாரத் தெருவின் வாழ்க்கையைப் பார்ப்பேன். அந்தத் தெருவுக்குள் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. தூரத்தில் நின்று பார்ப்பதற்குத்தான் நான் பிறந்தேன் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடாரம் போட்டுப் பேசாத படம் காட்டுவார்கள். நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் ஒரே படத்துக்கு மூன்று முறை போவோம். அவன் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயக் குடும்பம். அவன் மாமா சென்னையிலிருந்து கையால் சுற்றும் சின்ன சினிமா காமிரா ஒன்றும், படம் காட்டும் கைமிஷின் ஒன்றும் வாங்கி வந்து, இரண்டே நாளில் அலுத்துப்போய்ப் பெட்டியில் போட்டுவிட்டார். கூடவே இரண்டு சுருள் பிலிமும் இருந்தன. அவை எங்கள் கைக்கு வந்தன.

கூடாரத்துப் படக்காரர் ஒரு விநாடிக்கு இரண்டு சுற்று என்று சொல்லிக் கொடுத்தார். கூடினால் ஆட்கள் படத்தில் தூங்கி வழிவார்கள், குறைந்தால் பேய் பிடித்த மாதிரி ஓடுவார்கள். பழகுவதற்கு ஹாஸ்டல் சமையல்காரரின் காப்பிக்கொட்டை மிஷினை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்று-ரெண்டு, ஒன்று-ரெண்டு என்று காலையும் மாலையும் அரைத்தேன். சமையல்காரருக்கு அந்த வருஷம்போல் சுகம் என்றும் இருந்ததில்லை.

முதல் சுருளை நல்லேப்பிள்ளியில் ஏர் உழுவதற்குச் செலவழித்தோம். உழவு மாடு திரும்பும் இடத்தில் இருவருக்கும் நாக்கு வறண்டுபோயிற்று, அவ்வளவு அழகு. படம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். களத்து மேட்டில் உச்சி வெயிலில் பெட்டியைத் திறந்தோம். அப்புறம் அதைக் கழுவ அனுப்பி என்ன வரும்? வெறும் வெளிச்சம் வந்தது. நண்பன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மிச்சம் இருந்த ஒரே சுருளை என்னிடம் கொடுத்து, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீ ஊருக்குப் போகும்போது உன் அக்காவின் கையை எடுத்து வா என்றான்.

என் நோட்டில் அந்தப் படம் முழுசாக இருந்தது. ஒரு கொழுந்து செடியிலிருந்து கிளம்பி, கூடை, நிறுவை, பாக்டரி எல்லாம் கடந்து யாரோ ஒருவரின் கோப்பைக்குப் போய்ச் சேரும். மற்றதையெல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதல் காட்சி அக்காவின் விரல்கள். சுருள் நாலு நிமிஷம் ஓடும். நாலு நிமிஷத்துக்கும் விரல்கள் மட்டுமே போதும் என்று நினைத்தேன்.

போத்தனூரில் வண்டி மாறி, திண்டுக்கல்லில் இறங்கி, கம்பத்துக்கு மோட்டார் பஸ் ஏறி, குமுளி மலை ஏறிப் போய்ச் சேர்வதற்குள் காமிராவை மடியை விட்டு இறக்கவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு இதுக்கு என்ன தீனி போடணும் என்று கேட்டாள்.

வேலை நேரத்தில் எடுக்க, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டர் விடவில்லை. துரை கண்ணில் பட்டால் அக்காவின் பெயரையே மஸ்டர் ஏட்டிலிருந்து அடித்துவிடுவார் என்றார். கங்காணியிடம் கெஞ்சினேன். அவர் கண்டக்டரைக் காட்டினார். இப்படியே நாலு நாள் போயிற்று. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, லயத்துக்குப் பின்னால் ஓடை ஓரத்தில் தானாக வளர்ந்து நின்ற இரண்டு தேயிலைச் செடிகளுக்கு முன்னால் காமிராவை நிறுத்தினேன். அது போதும். விரலுக்குத் தெரியுமா அது யார் செடி என்று?

அக்கா கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டி, தலையில் எண்ணெய் வழிய வந்து நின்றாள். கைகள் முந்தானைக்குள். நான் மூன்று முறை சொன்னேன்: கொழுந்து எடு, என்னைப் பார்க்காதே, வழக்கம்போல் பேசிக்கொண்டே எடு. தலையை ஆட்டினாள். சுற்ற ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். பிரம்பு எடுத்த வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டாள். கண் காமிராவை விட்டு நகரவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தது. எடு, எடு என்றேன். அசையவில்லை. கையை வெளியே எடு என்று கத்தினேன். கை இன்னும் உள்ளே போயிற்று. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி, பக்கத்தில் போய், நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எவ்வளவு நேரம்தான் நிற்கிறாய் பார்க்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று-ரெண்டு, ஒன்று-ரெண்டு என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கோழி நடுவில் வந்து போயிற்று. அவள் நின்றாள். நானும் விடவில்லை. சுருள் தீர்ந்து கைப்பிடி லேசாயிற்று.

“முடிஞ்சிட்டால?” என்று கேட்டாள். பெரிதாக மூச்சு விட்டு, கைகளை வெளியே எடுத்து, பழக்கதோஷத்தில் பக்கத்துச் செடியில் நாலு கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசினாள். முதுகில் கூடை இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்து சிரித்தாள். என்னிடம் ஒரு விரற்கடை பிலிம்கூட இல்லை.

நான் அன்று பேசியதை எழுத இப்போதும் கூசுகிறது. மரக்கட்டை என்றேன். படிக்காத ஜென்மம் என்றேன், என்னைப் படிக்கவைத்தவளைப் பார்த்து. சினிமா என்றால் அசைய வேண்டும், இதுகூடத் தெரியாதா என்றேன். அவள் கைகளை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அம்ம அசைஞ்சதுனாலதான் அவ மூஞ்சி இல்லாமப் போச்சு. ஒனக்குத் தெரியாதா தம்பி? எனக்கும் அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான் நின்னேன்.”

எனக்குத் தெரியும். கோயிலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, சபையார் எல்லோரையும் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்த போட்டோ. மூச்சு விடாதே, அசையாதே என்று போட்டோக்காரர் கத்தினாராம். அம்மாவின் இடுப்பிலிருந்த நான் அழுதேன். அம்மா என்னைப் பார்க்கத் திரும்பினாள். போட்டோவில் எல்லோருக்கும் முகம் இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் புகை. அம்மாவுக்கு இருந்த ஒரே படம் அதுதான். பக்கத்தில் பாவாடை கட்டிக்கொண்டு துளி அசையாமல் நிற்கும் சிறுமி அக்கா. இந்தக் கதையை எனக்கு நூறு தடவை சொன்னவளும் அவள்தான். தெரிந்திருந்தும் அன்று ஓடையோரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அதெல்லாம் வேறு, இது வேறு என்று முறைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் விடியற்காலை அவள் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கிளம்பும்போது நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். பங்குனியில் வருவேல்லா, அப்ப நீ சொல்லுதபடி ஆடுதேன், ஓடுதேன் என்று போர்வையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தூங்குவதுபோல் இருந்தேன். அவள் போனதும் எழுந்து பஸ்ஸுக்குப் போனேன்.

பாலக்காடு வந்ததும் சுருளைப் பம்பாய்க்குக் கழுவ அனுப்பினான் நண்பன். பாழாய்ப்போனதை எதற்கு அனுப்புகிறாய் என்றேன். கோழியாவது இருக்கும் என்றான்.

மாசியில் பாதிரியாரிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு மலைக்காய்ச்சல். மூன்று நாள் என்று எழுதியிருந்தார். கடிதம் என்னிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. போனேன். ஓடைக்கு மேலே மண் இன்னும் ஈரமாக இருந்தது. லயத்து அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய கூடையைக்கூட யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பில்லை. அம்மாவின் கூடையை அக்காவும் அப்படித்தான் எடுத்தாள்.

நான் திரும்பி வந்தபோது பம்பாயிலிருந்து சுருள் வந்திருந்தது. நண்பன் அதைப் பிரிக்காமல் எனக்காக வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் நல்லேப்பிள்ளியில் அவன் வீட்டு நெல் அறையின் கதவைச் சாத்தி, சுவரில் வேட்டி கட்டி, மாமாவின் மோட்டார் பாட்டரியில் மிஷினுக்கு விளக்கு ஏற்றினோம். கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். நண்பனின் அம்மா சினிமா பார்க்க நெல் மூட்டை மேல் வந்து உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. நான் சொல்லவேண்டாம் என்றிருந்தேன்.

வேட்டியில் அக்கா வந்து நின்றாள். எண்ணெய்த் தலை, கிறிஸ்துமஸ் சேலை, முந்தானைக்குள் கை. கோழி வந்தது, போயிற்று. பின்னால் செடி காற்றில் ஆடியது. அவள் நின்றாள். புருவத்தில் இருந்த தழும்பு தெரிந்தது. மூக்குத்தி இல்லாத துளை தெரிந்தது. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் கத்தக் கத்த, அந்தக் கத்தலுக்கு நடுவே தன் முகத்தை எனக்காகப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள்.

“ஏனுங்க தம்பி, இது போட்டாத்தானுங்களே? ஆளு நகரவே மாட்டேங்குதே” என்றார் நண்பனின் அம்மா.

ஆமாங்க, போட்டோதான் என்றேன்.

முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. சுற்றுவதை நிறுத்தினேன். நண்பன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். விளக்கின் சூட்டில் நின்ற பிலிம் கருகிவிடும். அதற்குள் அக்காவின் கன்னத்தோரத்தில் பழுப்பாக ஒரு வட்டம் கிளம்பிவிட்டது. பதறிப்போய்ச் சுற்றினேன். கருகியது போய் அடுத்தது வந்தது. முகம் மறுபடியும் முழுசாக இருந்தது. நான் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் அவள் அப்படியே நிற்பாள் என்று புரிந்தது.

சுருள் தீரும் இடத்துக்கு வந்துவிட்டது. என் கை நடுங்கியதில் மிஷினும் நடுங்கி, வேட்டியில் அக்கா லேசாக ஆடினாள். அங்கே பாருங்க, இப்ப நகருதுங்க என்றார் அந்த அம்மா சந்தோஷமாக.

“அசையாதக்கா” என்றேன் நான்.